பெரியக்காவின் பெருமூச்சு

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள். மூத்தவளைப் பெரியக்கா என்பேன், அடுத்தவளைச் சின்னக்கா. நான் கடைசி. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஓட்டுவீடு. தலைக்கு மேல் விமானப்படையின் பயிற்சி விமானங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் வரும்போது பேச்சை நிறுத்தி, அது கடந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்கள் தெருவில் எல்லோருக்கும் பழக்கம். சண்டை போடுகிறவர்கள்கூட அப்படித்தான் போடுவார்கள்.

நான் சொல்லப்போவது எண்பதுகளின் நடுவில் தொடங்கியது. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பெரியக்கா பல்லாவரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அப்பாவைப் போலக் கறுப்பு, ஒல்லி. சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். சின்னக்கா அம்மாவைக் கொண்டிருந்தாள். நல்ல நிறம், நீளமான முடி, யாரிடமும் சிரித்த முகமாகப் பேசுவாள். கடைத்தெருவில் அம்மாவைப் பார்க்கிறவர்கள் "உங்க ரெண்டாவது பொண்ணு எப்படி இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். அம்மா தினமும் சாயங்காலம் சின்னக்காவுக்கு உட்கார வைத்துத் தலைவாரிப் பின்னிவிடுவாள். பெரியக்கா தானே பின்னிக்கொள்வாள். "அவளுக்கு யார் உதவியும் வேண்டாம், கெட்டிக்காரி" என்று அம்மா சொல்வது பாராட்டு மாதிரித்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியக்கா எங்கள் சபையில் பிள்ளைகளுக்கு வேதக் கதை சொல்வாள். ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குப் பின்பக்கம் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்கார வைப்போம். சின்னதுகளைச் சமாளிக்க நானும் கூடப் போவேன். கூடப் பிறந்தவர்களின் கதைகளை அவள் சொல்லும் விதமே தனி. தகப்பன் ஒருவனுக்கு மட்டும் பல வர்ண அங்கி தைத்துக் கொடுக்க, மற்ற அண்ணன்கள் அவனைக் குழியில் தள்ளி, பிறகு வியாபாரிகளுக்கு விற்றுவிட்டு, அங்கியை ஆட்டு ரத்தத்தில் தோய்த்துத் தகப்பனிடம் காட்டிய கதை. கண் தெரியாத தகப்பனிடம் தம்பி தன்னை அண்ணன் என்று சொல்லி ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு போக, வேட்டைக்குப் போயிருந்த அண்ணன் திரும்பி வந்து, "எனக்கென்று ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லையா அப்பா" என்று அழுத கதை. அந்த இடத்தில் பெரியக்கா குரலை உயர்த்த மாட்டாள். இன்னும் தாழ்த்துவாள். வால்தனமான பிள்ளைகள்கூட அப்போது அசையாமல் இருக்கும்.

முதல் அண்ணன் தம்பி கதையையும் அடிக்கடி சொல்வாள். அண்ணன் நிலத்தைப் பயிரிட்டவன், தம்பி ஆடு மேய்த்தவன். இரண்டு பேரும் காணிக்கை கொண்டுவந்தார்கள். தம்பி கொடுத்தது ஏற்கப்பட்டது, அண்ணன் கொடுத்தது ஏற்கப்படவில்லை. அண்ணன் தம்பியை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கொன்றான். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும், "ஏன் டீச்சர் அண்ணனோடதை மட்டும் வேணாம்னாரு?" சபையில் எல்லோரும் சொல்கிற பதிலையே பெரியக்காவும் சொல்வாள். "அவன் மனசாரக் குடுக்கல. ஏனோதானோன்னு குடுத்தான்."

அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்பு பெரியக்காவுக்கு ஒரு வரன் வந்தது. பையன் கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூபர்வைசர். கோவிலம்பாக்கத்தில் மனை வாங்கிப் புது வீடு கட்டியிருந்தார்கள். பெண் பார்க்க வரும் நாளன்று அம்மா காலையிலேயே சின்னக்காவைச் சிட்லபாக்கத்தில் இருக்கும் அவள் சிநேகிதி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சின்னக்காவே வளையலைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "சாயங்காலமாத்தான் வருவேன்" என்று கிளம்பிப் போனாள்.

அவர்கள் மூன்று மணிக்கு வந்தார்கள். பையன், அவருடைய அம்மா, ஒரு மாமா. பெரியக்கா மாம்பழ நிறப் புடவை கட்டியிருந்தாள். கண்ணாடியைக் கழற்றிவிடச் சொல்லி அம்மா கெஞ்சியும் கேட்கவில்லை. "கண்ணு தெரியாம காபியைக் கொட்டவா?" என்றாள். பேச்சு நல்லவிதமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார்கள், கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம் என்றார் மாமா. அப்போது வாசல் கேட் திறந்தது. சின்னக்கா உள்ளே வந்தாள். மழை தூறியிருந்தது, முன்நெற்றி முடியில் தண்ணீர். விருந்தாளிகளைப் பார்த்ததும் ஒரு கணம் நின்று, கை கூப்பிவிட்டு, சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. பையனின் அம்மா மட்டும், "இவங்க?" என்று கேட்டார். "என் ரெண்டாவது" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு பெரியக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, வரனைக் கொண்டுவந்த சபைப் பெரியவர் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். உட்கார்ந்த பிறகு தரையைப் பார்த்தபடி, "அவங்களுக்குச் சம்பந்தம் பண்ணிக்க இஷ்டம்தான். ஆனா சின்னவளைக் கேக்குறாங்க" என்றார்.

அப்பா சொன்னார், "மூத்தவ இருக்கும்போது இளையவளைக் குடுக்கறது எங்க வழக்கத்துல இல்லைங்க."

அந்த வாக்கியம் எனக்கு முன்பே தெரியும். வேதத்தில் இரண்டு சகோதரிகளின் தகப்பன் சொல்கிற சாக்கு அது. தங்கைக்காக ஏழு வருஷம் உழைத்தவனுக்கு, கல்யாண இருட்டில் முக்காடு போட்ட அக்காவைக் கொடுத்து ஏமாற்றிவிட்டு, விடிந்ததும் அவன் வந்து கேட்டபோது சொன்னது. எங்கள் அப்பா யாரையும் ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை. பெரியக்காவைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த பெரியக்காவின் முகத்தைப் பார்த்தபோது, அந்தக் கதையில் விடிந்ததும் அந்த அக்கா தன் புருஷனின் முகத்தில் என்ன பார்த்திருப்பாள் என்று முதல்முறையாக யோசித்தேன்.

ஒரு வாரம் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சின்னக்கா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொள்வாள். கடைசியில் பெரியக்காதான் பேசினாள். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"குடுத்துடுங்கப்பா. நல்ல இடம். என்னை வச்சுக்கிட்டு அவளை எத்தனை வருஷம் உக்கார வைப்பீங்க?"

"நீ?"

"எனக்கு வேலை இருக்கு."

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அம்மா அழுதாள். அந்த அழுகையில் ஒரு நிம்மதியும் இருந்தது. எனக்கே அது தெரிந்தது என்றால் பெரியக்காவுக்குத் தெரியாமல் இருக்காது.

சின்னக்கா ஏன் அன்றைக்கு அத்தனை சீக்கிரம் திரும்பினாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சிநேகிதியின் பாட்டிக்கு உடம்பு முடியவில்லை, எல்லோரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள், அதனால் வந்துவிட்டேன் என்றாள். உண்மையாக இருக்கலாம். பெரியக்கா அதை நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்லவும் இல்லை. கல்யாண வேலைகளையெல்லாம் அவளே இழுத்துப்போட்டுச் செய்தாள். கல்யாணத்தன்று காலையில் தங்கைக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்டவளும் அவள்தான். கோயில் வாசலில் தங்கையைக் காரிலிருந்து கைபிடித்து இறக்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

சண்டை போட்டு நிறுத்தவில்லை. குழாயில் தண்ணீர் நின்றுபோகிற மாதிரி நின்றுபோனது. சின்னக்கா வீட்டுக்கு வந்தால் பெரியக்கா அதே அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பாள். "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்பாள் என்னிடம். சின்னக்கா அங்கேயே, மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பாள். "அக்கா சாப்பிட்டாளான்னு கேளு" என்பாள் அவளும் என்னிடம். இரண்டு பேச்சையும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதே இல்லை. இருந்தாலும் சொல்வேன். சொல்லாவிட்டால் அதுவும் நின்றுவிடுமோ என்று பயம்.

பெரியக்காவுக்கு அதன் பிறகு வந்த வரன்கள் எல்லாம் ஒரே கேள்வியில் முடிந்தன. "மூத்தவ இருக்க இளையவளுக்கு ஏன் முதல்ல பண்ணீங்க?" என்ன பதில் சொன்னாலும் அது பெரியக்காவில் ஏதோ குறை இருக்கிறது என்றுதான் முடியும். சில வருஷத்தில் வரன் வருவதும் நின்றது.

ஞாயிறு வகுப்பை அவள் விடவில்லை. ஒரு நாள் அந்த முதல் அண்ணன் தம்பி கதை வந்தது. வழக்கம்போல ஒரு சிறுமி கேட்டாள், ஏன் அண்ணன் கொடுத்ததை ஏற்கவில்லை என்று. பெரியக்கா கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலம்மா. ஏன்னு அந்த இடத்துல எழுதல."

"மனசாரக் குடுக்கலன்னு போன வருஷம் சொன்னீங்களே டீச்சர்?"

"சொன்னேன். அதை நாமளா சொல்லிக்கிறோம். அவனும் கஷ்டப்பட்டு உழுதுதானே கொண்டுவந்தான்? கொலை பண்ணது பெரிய பாவம். அதுல சந்தேகமே இல்ல. ஆனா உன்னுது வேணாம்னு சொல்லி, ஏன்னும் சொல்லலைன்னா எப்படி இருக்கும்? அதை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க."

பிள்ளைகள் நினைத்துப் பார்த்தார்கள். வீட்டில் போய்ச் சொல்லவும் செய்தார்கள். அடுத்த வாரம் போதகர் பெரியக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷர், கடிந்து பேசத் தெரியாதவர். "கொலைகாரனுக்காகப் பிள்ளைங்ககிட்ட நீங்க பரிந்து பேசினதா சொல்றாங்கம்மா" என்றார்.

"பரிந்து பேசல ஐயா. எனக்குத் தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னேன்."

போதகர் வேதத்தை எடுத்துப் புரட்டி அந்தப் பகுதியை வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். பிறகு மூடி வைத்துவிட்டு, "சரிம்மா, போயிட்டு வாங்க" என்றார். வகுப்பு அவளிடமே இருந்தது. ஆனால் சில பெற்றோர்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை.

சின்னக்காவுக்குக் குழந்தை இல்லை. முதல் வருஷம் யாரும் கவலைப்படவில்லை. மூன்றாம் வருஷம் எல்லோரும் கேட்டார்கள். ஐந்தாம் வருஷம் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். மூத்தவளின் பெருமூச்சு. கல்யாணம் ஆகாமல் வீட்டில் இருக்கிறாளே, அவள் வயிறு எரிந்தால் இவள் வயிறு எப்படித் திறக்கும்? சின்னக்காவின் மாமியார் முதலில் சொன்னாரா, சபைப் பெண்கள் சொன்னார்களா தெரியாது. கோயில் வாசலில் பெரியக்கா வரும்போது ஒருவர் தன் மருமகளின் கைக்குழந்தை முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடியதை நான் பார்த்தேன். பெரியக்காவும் பார்த்தாள். அவளிடம் படித்த பெண்தான் அந்த மருமகள்.

எங்கள் பக்கத்து வீட்டில் மாடு வைத்திருந்த அம்மா ஒருவர் இருந்தார். தாம்பரம் ஊராக இருந்த காலத்திலிருந்து அங்கேயே இருக்கிற குடும்பம். பால் ஊற்ற வரும்போது அம்மாவிடம் வெளிப்படையாகப் பேசுவார்.

"இன்னாம்மா, பெரிய பொண்ணு பெருமூச்சு வுட்டுகினு கீதுன்னு பேசிக்கிறாங்களே. எங்க சாமிங்களுக்குள்ளயே ஒரு பழத்துக்குச் சண்டை வந்துச்சு தெரியும்ல? ஒரே பழத்தை வச்சிகினு ரெண்டு புள்ளைங்களையும் உலகத்தைச் சுத்தி வான்னு வுட்டா இன்னா ஆவும்? சின்னவரு கோச்சிகினு மலைமேல போய் நின்னுகினாரு. எல்லாரும் அவரு கோவத்தைத்தான் சொல்றாங்க. பழத்தைக் கையில வச்சிகினு இருந்தவங்களை யாராச்சும் கேக்குறாங்களா?"

அம்மா பால் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அன்று சாயங்காலம் பெரியக்கா பள்ளியிலிருந்து வந்ததும், "உக்காரு, தலை வாரிவிடறேன்" என்றாள். பெரியக்காவுக்கு முப்பது தாண்டியிருந்தது. "வேண்டாம்மா, பழக்கமில்ல" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அம்மா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தொண்ணூறுகள் தொடங்கியிருந்தன. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சின்னக்கா தனியாக வந்தாள். தாம்பரம் வரக்கூடாது என்று மாமியார் சொல்லியிருந்ததால் அவள் வந்து பல மாதம் ஆகியிருந்தது. மெலிந்திருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. அப்பாவும் அம்மாவும் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார்கள். நேராகப் பெரியக்காவிடம் போய் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவை மனசாரச் சொல்லிடு. நல்லா இருன்னு."

பெரியக்கா பேனாவை மூடினாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்துப் பேசினாள். "நீயும் நம்புறியா?"

சின்னக்கா அழுதாள்.

"பொறாமைப்பட்டேன்" என்றாள் பெரியக்கா. "பொய் சொல்ல மாட்டேன். நீ வரும்போதெல்லாம் உன் புடவையைப் பார்த்தேன், தாலியைப் பார்த்தேன். உன் சிரிப்பைப் பார்த்தாலே எரிஞ்சுது. ஆனா பொறாமைப்படறவ கையில உன் வயித்தைக் கடவுள் குடுக்கலடி. எனக்கு அவ்வளவு சக்தி இருந்தா என் வாழ்க்கையைச் சரிபண்ணிக்கிட்டிருக்க மாட்டேனா?"

விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. மூன்று பேரும் அது போகும்வரை பேசாமல் இருந்தோம்.

பிறகு சின்னக்கா சொன்னாள், "நான் உன்மேல பொறாமைப்படறேன்க்கா. காலையில பையை எடுத்துக்கிட்டு ரயில் ஏறிப் போற. யாரும் உன்னைத் தூரமாச்சா ஆகலையான்னு மாசாமாசம் கேக்கறதில்ல."

பெரியக்கா குனிந்து அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள். "எழுந்திரு. டாக்டர்கிட்ட போனியா?"

"மாமியார் ஜெபத்துக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போறாங்க."

அடுத்த வாரம் பெரியக்கா பள்ளிக்கு லீவு போட்டாள். மூவரும் மின்சார ரயிலில் நகரத்துக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெளிநோயாளிகள் பகுதியில் காத்திருக்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. பெஞ்சில் அக்காமார் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பேசிப் பழக்கம் விட்டுப்போனதால் என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியவில்லை. சின்னக்கா திடீரென்று கேட்டாள், "வேதத்துல அந்த அக்கா தங்கச்சி கதையை நீ பிள்ளைங்களுக்குச் சொல்றதே இல்லையாமே?"

"சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்ற கதை இல்ல அது."

"எனக்குச் சொல்லேன்."

பெரியக்கா சொன்னாள். அவள் குரல் வகுப்பில் வருவதுபோல மெதுவாக இருந்தது. மூத்தவளுக்குக் கூச்சப் பார்வை, இளையவள் அழகி. ஒரே புருஷனுக்கு இரண்டு பேரும். மூத்தவளுக்குப் பிள்ளைகள் பிறந்தன, புருஷன் அன்பு கிடைக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் வைக்கும்போதெல்லாம் இனியாவது அவன் என்னைப் பார்ப்பான் என்று நினைத்துக்கொண்டு பெயர் வைத்தாள். இளையவளுக்கு அன்பு இருந்தது, பிள்ளை இல்லை. எனக்குப் பிள்ளை கொடு, இல்லாவிட்டால் சாகிறேன் என்று புருஷனிடம் சண்டை போட்டாள். நான் என்ன கடவுளா என்று அவன் கோபப்பட்டான்.

"அவங்க ரெண்டு பேரும் கடைசிவரைக்கும் பேசிக்கலையா?"

"ஒரு தடவை பேசறாங்க. அதுவும் சண்டைதான். என் புருஷனை எடுத்துக்கிட்டது போதாதான்னு மூத்தவ கேக்கறா. இன்னொரு இடம் வருது. ஊரை விட்டுப் போலாமான்னு புருஷன் கேக்கும்போது ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே பதில் சொல்றாங்க. எங்க அப்பா எங்களை வேத்து மனுஷங்களாத்தானே நினைச்சாரு, வித்துட்டாருல்ல, இங்க எங்களுக்கு என்ன இருக்குன்னு. அவங்க ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்துலதான்."

சின்னக்கா அதைக் கேட்டுச் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "நம்ம அப்பா அப்படி இல்லக்கா" என்றாள். "இல்லதான்" என்றாள் பெரியக்கா. அந்தக் கதை எப்படி முடிகிறது என்பதை அவள் சொல்லவில்லை. இளையவள் பிரயாணத்தில், வழியிலேயே, பிரசவத்தில் இறந்துபோகிறாள். எனக்குத் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை.

சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா, சின்னக்காவிடம் குறை ஒன்றும் தெரியவில்லை, புருஷனையும் வரச் சொல்லுங்கள் என்றார். சின்னக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. "அவர்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? அத்தைக்குத் தெரிஞ்சா என்னை அனுப்பிடுவாங்க."

பெரியக்காவும் நானும் ஒரு ஞாயிறு மத்தியானம் கோவிலம்பாக்கம் போனோம். அப்போது அந்தப் பக்கம் பாதிக்கு மேல் வயல்தான். நடுநடுவே மனை பிரித்து நட்ட கல்லும், தனித்தனியாகச் சில வீடுகளும். மாமியார் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தார். சின்னக்காவின் வீட்டுக்காரர் கிணற்றடியில் மோட்டாரைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியக்காவைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவதென்று அவள் அத்தனை வருஷமும் தீர்மானித்ததில்லை. அன்றும் முறை சொல்லாமலேதான் பேசினாள்.

"டாக்டர் உங்களையும் வரச் சொல்லியிருக்காங்க."

அவர் கீழே பார்த்தார். "உங்க முகத்தைப் பார்த்துப் பேசவே எனக்குக் கூச்சமா இருக்குதுங்க. அன்னிக்கு நான் பண்ணது..."

"அதைப் பேச வரல. அவ நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டே போறா. நீங்க வந்தா போதும்."

"அம்மா கேட்டா?"

"கம்பெனி வேலைன்னு சொல்லுங்க. அது உங்க பாடு."

அவர் வந்தார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்தக் காலத்தில் வராத ஆண்கள்தான் அதிகம். குறை அவரிடம் இருந்தது. மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், பிறகு அதற்குமேல் செய்வதற்கில்லை என்றார்கள். டாக்டர் அதைச் சொன்ன அன்று ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மரத்தடியில் அவர் உட்கார்ந்துவிட்டார். சின்னக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியக்கா எதிர்க்கடையில் இளநீர் வாங்கி வந்து இருவருக்கும் கொடுத்தாள். அவர் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், "இது வெளிய தெரிஞ்சா என்னங்க பண்றது?"

"வெளிய தெரியாது" என்றாள் பெரியக்கா.

அந்த ஒரு வார்த்தையை அவள் வருஷக்கணக்காகக் காப்பாற்றினாள். சபையில் பேச்சு அடங்கவில்லை. அவளிடம் படித்த பிள்ளைகளின் வீடுகளிலேயே வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடாமல் விட்டார்கள். மாமியார் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கே வந்து, "உங்க பெரிய பொண்ணை ஒரு தடவை உபவாசமிருந்து மனசைச் சுத்தம் பண்ணிக்கச் சொல்லுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். பெரியக்கா அடுத்த அறையில்தான் இருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லேன்க்கா. சொல்லிட்டா உன் பேர்ல இருக்கிற பழி போயிடும்ல?"

"போயிடும். அப்புறம் அது யார்மேல போய் உக்காரும்?"

"அவர் உன்னை வேணாம்னு சொன்னவர்."

"அவர் என்னை வேணாம்னு சொன்னதை நான் மறக்கல. மறந்துட்டேன்னு யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. ஆனா அதுக்கு இதை வச்சுப் பதில் சொன்னா, இத்தனை நாளா ஊர் சொல்றது நிஜமாயிடும்." அவ்வளவு சொல்லிவிட்டுத் துணி மடிக்கத் தொடங்கினாள்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கடைசிவரை இது தெரியாது. இப்போது சின்னக்காவின் வீட்டுக்காரர் இல்லை. அவருடைய அம்மாவும் இல்லை. எழுதட்டுமா என்று கேட்டபோது சின்னக்காதான், "எழுது. அவளைப் பத்தி ஒருத்தராவது சரியாச் சொல்லணும்" என்றாள்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர்கள் வேலூர்ப் பக்கம் ஓர் அனாதை இல்லத்திலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்து எடுத்துக்கொண்டார்கள். மாமியார் பல மாதம் அந்தக் குழந்தையைத் தொடவில்லை. அது தவழ்ந்து வந்து அவர் சேலையைப் பிடித்து நிற்கத் தொடங்கியதும் தொட்டார். ஞானஸ்நானத்தன்று குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் பெரியக்காதான். சின்னக்கா பிடிவாதமாக நின்று அதைச் செய்தாள். கோயிலில் முணுமுணுப்பு எழுந்தது என் காதில் விழுந்தது. பெரியக்கா நேராகப் பலிபீடத்தைப் பார்த்து நின்றாள். குழந்தை அவள் கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். குழந்தை வளர வளர பெரியம்மா என்றால் உயிரை விட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரியக்கா தாம்பரத்தில் பஸ் ஏறி, மேடவாக்கம் வழியாகக் கோவிலம்பாக்கம் போய்விடுவாள். அவள் சொல்லும் கதை வேண்டும், அவள் ஊட்டினால்தான் சாப்பாடு. அவள் கிளம்பும்போது குழந்தை அழும் அழுகையில் தெருவே திரும்பிப் பார்க்கும். ஒரு நாள் நானும் போயிருந்தேன். குழந்தைக்குக் காய்ச்சல். சின்னக்கா மடியில் படுத்துக்கொண்டு "பெரிம்மா, பெரிம்மா" என்று அனத்தியது. சின்னக்காவின் கை குழந்தையின் நெற்றியில் அப்படியே நின்றது. அவள் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். பழைய நாட்களில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த பெரியக்காவின் முகத்தில் இருந்தது அதேதான்.

பிறகு சமையல்கட்டில் என்னிடம் மட்டும் சொன்னாள், "பெத்ததும் நான் இல்ல. வளர்க்கறதாவது நானா இருக்கணும்ல?" வாசல்பக்கம் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெரியக்காவின் காதில் அது விழுந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போலப் பள்ளி விட்டு வந்து, முகம் கழுவி, வேறு புடவை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். பஸ் நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை.

"கிளம்பலையாக்கா?"

"இந்த வாரம் வேண்டாம்" என்றாள். "இனிமே மாசத்துக்கு ஒரு தடவை போறேன். அவகிட்ட குழந்தை நல்லா ஒட்டிக்கட்டும்."

கட்டியிருந்த நல்ல புடவையை மாற்றி, மடித்துப் பீரோவில் வைத்தாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, ராத்திரிக்கான அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.